ஐந்து நிலை, நாலு கதவு

ஊத்துக்குளி ரோட்டுக் கடையில்
கதவுகள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன
எந்தச் சுவருக்கும் சொந்தமில்லாமல்.
ஒன்றைத் திறந்தால் பின்னால் அறை இல்லை,
அடுத்த கதவு.

அர்த்தநாரி விரல்கணுவால் தட்டிக்கொண்டே போனார்.
"கேளுங்க அம்மிணி.
இது தேக்கு. சத்தம் அடிவயித்திலிருந்து வரும்.
இது ஃப்ளஷ் டோர். உள்ளே சில்லறைக் கட்டை,
தொண்டையோட சரி.
இது மெம்ப்ரேன். மாப்பிள்ளையாட்டம் இருக்கும்,
ரெண்டு ஐப்பசி பார்த்தா ஓரம் உரியும்.
பிவிசி வாயே திறக்காது.
இது டபிள்யூபிசி, மரத்தூளும் பிளாஸ்டிக்கும்.
தண்ணி குடிக்காது, கறையான் சீண்டாது,
பாத்ரூமுக்கு மாட்டிட்டு மறந்துருங்க."

நான் தட்டிப் பார்க்கவில்லை.
குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன்.

பதினோரு வருஷம் லைன் வீடு.
எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குளியலறை.
அதன் தகரக் கதவு அடியில் ஒரு சாண்
துருவேறி உதிர்ந்திருந்தது.
உள்ளே யார் என்று பாதத்தை வைத்துச் சொல்வோம்.
என் மெட்டியை அறியாத ஆண்பிள்ளை
அந்த லைனில் கிடையாது.

பெருமாநல்லூர் தாண்டி அறுநூறு சதுர அடி.
நிலை ஐந்து வைத்தாயிற்று.
கைக்காசுக்குக் கதவு நாலுதான் வரும்.
எனக்குக் கணக்கு ரூபாயில் வராது,
ஓவர்லாக்கில் குனிந்த கழுத்துக்குச்
சனிக்கிழமைச் சம்பளக் கவர்தான் தெரியும்.
வாசலுக்குத் தேக்கு: பத்துச் சனிக்கிழமை.
ஃப்ளஷ் டோர்: ஒரு சனிக்கிழமை, கொஞ்சம் மேலே.
டபிள்யூபிசி: இரண்டு.

"தேக்கு இல்லீன்னா ஒறம்பரை என்ன பேசும்?"
வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார் மாமனார்.
பேசட்டும் என்று நான் சொல்லவில்லை.
பத்தை எழுதிக்கொண்டேன்.

குமரவேல் வேறெங்கோ நின்றிருந்தார்.
பூஜையறைக் கதவு.
பதினெட்டுப் பித்தளை மணி,
ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று.
விரலால் தடவினார். கடையே கோயிலாயிற்று.
"எத்தனைங்க?"
நாலு சனிக்கிழமை.

தர்ஷிகாவுக்குப் பதினாலு.
லைன் வீட்டில் அவள் உடை மாற்றும்போது
இந்த மனுஷன் எழுந்து தெருவுக்குப் போவார்.
யாரும் சொல்லிப் போனதில்லை.
கார்த்திகை மழையிலும் குடையோடு
ட்ரான்ஸ்ஃபார்மர் அடியில் நின்று
வராத பஸ்ஸைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

"சாமிக்குத் திரை போதும்" என்றேன்.
"நம்மளை எல்லாத்தையும் பார்த்தவரு அவரு.
அவருக்கு என்ன மறைப்பு."

அவர் பதில் சொல்லவில்லை.
ஒரே ஒரு மணியை இன்னொரு தடவை ஆட்டினார்.
அது ஓயும்வரை நின்றார்.
பிறகு அர்த்தநாரியிடம் போய்,
"புள்ள ரூமுக்கு
உள்கொண்டி நல்லதாப் போடுங்க."

வலக்கைத் திறப்பா, இடக்கையா,
உள்ளே திறக்கணுமா, வெளியேயா
என்று கேட்டார் அர்த்தநாரி.
கதவு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று
இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை.
யோசிக்கட்டுங்களா என்றேன்.
டீ வாங்கிக் கொடுத்தார்.

தை மாசம் குடி போனோம்.
ஒறம்பரை தேக்கைத் தட்டிப் பார்த்துத்
தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனது.
மின்விசிறிக் காற்றில் திரை விலக
முருகன் அவ்வப்போது எட்டிப் பார்த்தார்.

எல்லோரும் போன சாயங்காலம்
காப்பி டம்ளரோடு அவள் அறைக்குப் போனேன்.
பழக்கத்தில் தோளால் தள்ளினேன்.
நகரவில்லை.

என் வீட்டில் நான் ஒரு கதவைத் தட்டினேன்,
விரல்கணுவால், அர்த்தநாரியைப்போல.
தொண்டையோடு சரி, அந்தச் சத்தம்.

"யாரு?"

இருப்பதே நாலு பேர்.
டம்ளர் சுட்டது, கை மாற்றினேன்.
"நாந்தான்."

"இரும்மா."

இருந்தேன்.