உதடு மூடும் நேரம்

மிஷ்கோல்ட்ஸ் நகரில் ஒரு மதுக்கூட மேடை.
என் முழங்காலில் கார்ச்சி:
மரத்தலை, நூலில் ஆடும் தாடை.
பார்த்து வைத்த பெயர்.
உதடு ஒருமுறையும் ஒட்டாது.

'க' சுலபம். அடிநாக்கு எழும்பி
அண்ணத்தின் பின்கட்டில் கதவைச் சாத்தும்,
யாருக்கும் தெரியாது.
'த', பல்லுக்குப் பின்னால் நடக்கும் திருட்டு.
ஆனால் இந்த 'ப' இருக்கிறதே,
அது தலைவாசலிலேயே தாழ்போடும்.
இரண்டு உதடும் சேர வேண்டும்.
நுரையீரல் அனுப்பிய காற்று வந்து முட்டி
வழியின்றி வாய்க்குள் இறுக வேண்டும்.
அந்த நேரம், இமைப்பில் பாதியும் இராது,
சத்தமே இல்லை.
பிறகுதான் வெடிப்பு.
மௌனம் உடைகிற இடத்தைத்தான்
எழுத்து என்கிறோம்.

என் உதடு அசைந்தால் பிழைப்பு போச்சு.
ஆகவே பாலிங்காவைத் 'தாலிங்கா' என்பான் கார்ச்சி.
மர உதடு ஒழுங்காக மூடித் திறப்பதால்
கூட்டம் 'ப' என்றே கேட்டுக்கொள்ளும், இன்னொரு கோப்பை ஊற்றும்.

பிரோஷ்கா ஏமாந்ததில்லை.
பல் ஆய்வகத்தில் நாளெல்லாம்
ஊரார் அண்ணங்களை மாவில் வார்ப்பவள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை
அவள் தூக்கத்தில் அழுததை
மேடையில் கார்ச்சி சொன்னான். நல்ல சிரிப்பு.
"நானில்லை, அவன்" என்றேன் வீட்டில்.
ஒரு பெட்டியோடு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

பதினோராம் இரவு, டிராம் கடைசி நிறுத்தம், மூன்றாம் மாடி.
கார்ச்சியைத் தூக்கிக்கொண்டு போனேன்.
அவன் பேசினான்:

"திரோஷ்கா,
தனியாகத் தின்கிற ரொட்டி தொண்டையில் நிற்கிறது.
நான் கட்டை. இந்த ஆள் என்னைக் காட்டிலும் கட்டை.
கிறுக்கனைத் திட்டேன், நன்றாகத் திட்டு."

சங்கிலி போட்ட கதவின் இடுக்கில்
அவள் முகத்தில் ஒரு பட்டை.
"திரோஷ்காவா? அந்தப் பெயரில் இங்கே யாருமில்லை."

கார்ச்சியைப் பெட்டியில் படுக்கவைத்தேன்.
இரண்டு கொக்கியையும் மாட்டினேன்.
வலதுகைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை,
பதினேழு வருடமாக அது ஒரு மரக்கழுத்துக்குள் இருந்தது.

உதட்டை மூடுகிறேன்.
உள்நாக்கு மேலேறி மூக்கு வழியை அடைக்கிறது.
குரல்வளை விரியத் திறந்து நிற்கிறது.
காற்று வந்துவிட்டது,
பின்னால் நவம்பர் முழுவதும்.

கீழே ஒரு டிராம் வந்து, திரும்பி, போகிறது.
சங்கிலி அப்படியே இருக்கிறது.
அவள் என் உதட்டையே பார்க்கிறாள்.