எழுபத்து மூன்றாம் பக்கம்

பையை வாசலில் கொடுத்தால்
பித்தளை வில்லை ஒன்று தருவார்கள்.
எனக்கு எப்போதும் நாற்பத்தொன்று.
எப்போதும் அல்ல, மழை நாட்களில்.

தமிழ் அலுமாரி மாடிப்படிக்குப் பின்னால்.
மின்விசிறிக் காற்று அவ்வளவு தூரம் வராது.
உயர்தரப் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாளுக்கு வருகிறார்கள்,
மருதானை பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் பத்திரிகைக்கு,
ஒருவர் நித்திரைக்கு, செருப்பைக் கழற்றிவைத்து.
நான் அட்டை கிழிந்த ஒரு நாவலுக்கு.

‘அன்று கடல் அமைதியாக இருந்தது’
என்ற வரியின் கீழே
யாரோ பென்சிலால், தாள் பள்ளம் விழ:
பொய்.

நான் பம்பலப்பிட்டியில் பிறந்தவன்.
சிரிப்பு வந்தது. பக்கத்தில் எழுதினேன்:
கதைதானே.

இரண்டு மாதம் கழித்துத் திரும்ப எடுத்தேன்.
பின்தாளில் புதிதாக ஒரேயொரு திகதி முத்திரை.
என் எழுத்தின் கீழே, அதே பள்ளம்:
நீங்கள் அங்க நிண்டனீங்களோ?

மூன்று தடவை புதுப்பித்தேன்.
வீட்டில் பென்சில் இருந்தது, சீவியும் இருந்தது.
பிறகு நாள் பிந்திவிட்டது.
தண்டப்பணம் நாற்பது ரூபாய்.

நில்மினிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது,
கிறுக்கல் தெரியும்.
பக்கங்களைத் தட்டிக்கொண்டு வந்தவள் நின்றாள்.
லாச்சியைத் திறந்து அழிறப்பரை எடுத்தாள்.
இதில் உங்களுடையது எது, என்றாள் சிங்களத்தில்.

காட்டினேன்.

அதை மட்டும் அழித்தாள். தூளை ஊதினாள்.
‘மற்றது, அவர் வரும்போது’
என்று சொல்லி
மீதி அறுபது ரூபாயை எண்ணத் தொடங்கினாள்.