தொண்ணூற்றாறு நொடி

சோஹாரில் மாலை நாலு மணிக்கு
நான் கைகழுவுகிறேன்.
அது கைநீட்டத் தொடங்குகிறது.

ஒரு தட்டில் நாற்பத்தெட்டுக் குழிகள்.
துறைமுகத்து சிமெண்ட், உருக்காலைக் கசடு,
தாமிரக் குன்றிலிருந்து பச்சை பாரித்த கல்,
சுங்கத்தில் யாரிடமோ பிடித்த
பெயரில்லாத வெள்ளைப் பொடி.
எல்லாவற்றையும் அரைத்தது நான்தான்,
மைதா பதம் தாண்டி விபூதிப் பதம் வரும்வரை.
கண்ணாடிச் சில்லால் வழித்து மட்டமாக்கினேன்.
அழுத்தக் கூடாது.
அழுத்தினால் துகளெல்லாம் ஒரே பக்கம் படுத்துக்கொள்ளும்;
படத்தில் ஒரு கோடு மட்டும் கூரைக்குத் தாவும்,
மற்றவை வாய்மூடிவிடும்.
இதெல்லாம் அதற்குத் தெரியாது.

எடுப்பதும் வைப்பதும்தான் என்னிடமிருந்து போயின.

ஆறு வருடம் அவைதான் என் இரவு.
இருபது நிமிடத்துக்கொரு முறை எழுந்து
சிவப்பு விளக்கு அணைந்ததா என்று பார்த்து
ஈயக் கண்ணாடிக் கதவைத் தள்ளி
வில்லையை மாற்றி
உட்கார்ந்து, விட்ட வரியைத் தேடி,
ஒரு துப்பறியும் நாவலை நாலு மாதம் படித்தேன்.
செத்தது யார் என்பதே மறந்துபோனது.

கையைப் பொருத்த வந்தவர் ஸ்லோவேனியாக்காரர், மாத்யாஷ்.
ஒரு பொத்தானை அழுத்தி மூட்டுகளைத் தளர்த்தினார்.
"பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், போதும்."
மணிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் பிடித்தேன்.
எடுத்து, தூக்கி, திருப்பி,
கதவருகே வந்ததும்
பழக்கத்தில் நின்றேன்.
விளக்கைப் பார்த்தேன்.
பிறகு வைத்தேன்.
அவர் சேமித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

அன்றுமுதல் அது கதவருகே
இரண்டு நொடி நிற்கிறது.
விளக்கைப் பார்க்க அதற்குக் கண் இல்லை.
பார்க்கத் தேவையும் இல்லை,
கதிர் நின்றால்தான் கதவே திறக்கும்.

கண்டுபிடித்தவன் ஹிலால் அல் மக்பாலி.
தெய்வானை என்று சொல்ல வராமல்
என்னை திவான் ஆக்கியவன்;
அரபியில் அது ஏதோ அரசாங்க ஆபீஸ்.
"திவான், இங்கே ஒரு தாமதம்.
இரவுக்குத் தொண்ணூற்றாறு நொடி.
வருடத்துக்கு இருபத்தொன்பது மாதிரி குறைகிறது.
எதற்கு நிற்கிறது?"

சொல்ல வாயெடுத்தேன்.
கேட்டால் சிரிப்பான், அல்லது சிரிக்கமாட்டான்.
இரண்டாவதுதான் பயம்.
"தெரியவில்லை, அழித்துவிடு" என்றேன்.
ஒரு வரி. அழித்தான்.
கை தயங்காமல் போய் வைத்தது,
நன்றாகவே வைத்தது.

ஃபலஜ் அல் கபாயிலில் என் அறை.
இரவு இரண்டு இருபதுக்கு விழிப்பு வந்தது.
இரண்டு நாற்பதுக்கும்.
தண்ணீர் குடிக்க எழுந்து
சமையலறைக் கதவில் கை வைத்தவள்
உள்ளே போகவில்லை.
மேலே பார்த்தேன்.
நிலைக்கு மேல் ஒரு பல்லி இருந்தது.

மூன்று மாதத்துக்கொரு முறை
சட்டையில் குத்திய பட்டையை அனுப்பினால்
மஸ்கட்டிலிருந்து ஒரு வரி வரும்:
கண்டறியும் அளவுக்குக் கீழே.
என்னைப்பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவு.

காலையில் நாற்பத்தெட்டுப் படமும் தயார்.
சிமெண்டிலும் கசடிலும் அந்த வெள்ளைப் பொடியிலும்கூட
இருபத்தாறரை டிகிரி தாண்டியதும் ஒரு சின்ன மேடு.
இரவு காற்று அடித்திருக்கிறது.
குறிப்பில் எழுதினேன்:
குவார்ட்ஸ். மணல்தான். வழக்கம்போல.