நாலு

க்ளெண்டைவிலிருந்து ஹெலனாவுக்கு
ஏழு மணி நேரம், பனி இல்லாவிட்டால்.
பனி இருந்தது.
சட்டமன்றக் குழு எனக்கு ஒதுக்கியது
இரண்டு நிமிடம்.

எனக்கு முந்தைய மசோதா
பல் மருத்துவமனைகளின் பெயர்ப்பலகை பற்றியது.
அதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.

மேசையில் ஒரு சின்னப் பெட்டி.
பச்சை எரிந்தால் பேசலாம்,
மஞ்சள் வந்தால் முடிக்கப் பார்க்கலாம்,
சிவப்புக்கு நன்றி சொல்லி நிறுத்திவிட வேண்டும்.
கையில் எங்கள் சங்கம் தட்டச்சு செய்து தந்த ஒரு பக்கம்:
'மாண்புமிகு தலைவர் அவர்களே,
வலி மருத்துவர்களாகிய நாங்கள்...'
நல்ல பக்கம். பிழையே இல்லை.
யாருடைய இடுப்பும் அதில் உடையவில்லை.

ஓரின் டீகின் இடுப்பு உடைந்தது
தன் சொந்தக் குதிரைக்கடியில்.
பத்து வருடமாக, வலி எத்தனை என்று கேட்டால்
'நாலு' என்கிறார்.
மேலே சொன்னால் மாத்திரைக்கு அலைகிறவன் என்று பெயர்.
கீழே சொன்னால் இருக்கிற மாத்திரையும் போய்விடும்.
நாலு, அவர் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்ட வேலி.

பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் சொல்வேன்:
எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள்.
இன்று காலை பூட்ஸ் கயிறை
யார் கட்டிவிட்டார்கள் என்று கேளுங்கள்.
குத்தலா, குடைச்சலா,
எரிகிறதா, விண்விண்ணென்று தெறிக்கிறதா,
படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் கிடையாது,
ஓரத்தில் எழுதுங்கள்.
சனிக்கிழமைகளில் ஜெல்லி முதுகெலும்பில்
ஊசி செலுத்தப் பழகுகிறார்கள்.
ஜெல்லி முனகாது என்பதால்
நான் முனகுவேன்.
முதல் வாரம் சிரிப்பார்கள்.

பச்சை.
பக்கத்தைப் படித்தேன்.
மஞ்சள் வந்தபோது அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு
பூட்ஸ் கயிறைப் பற்றிச் சொன்னேன்.
பாதிக் கயிறில் சிவப்பு.

பிறகு கேள்விகள். செனட்டர் வெர்ன் லாட்டிமர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டவில்லை.
'டாக்டர் ஹால்வர்சன்,
என் தங்கை மகனுக்கு இருபத்தாறு வயசு.
கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த புட்டியில்
ஒரு டாக்டர் பெயர் இருந்தது.
உங்கள் பெயர் என்று சொல்லவில்லை.'

தலைவலியும் காய்ச்சலும்
தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்.
அவருக்கு வந்திருந்தது, வேறு வாசல் வழியாக.

என் பக்கத்தில் அதற்குப் பதில் இருந்தது,
இரண்டாம் பத்தியில், சதவீதங்களோடு.
கவிழ்ந்தே கிடக்கட்டும் என்று விட்டேன்.

'அப்படி எழுதித் தந்தவர்கள் எங்களில் இருந்தார்கள்.
எங்களுக்குத் தெரியும்.
மாநாட்டில் அவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டோம்.
வாய் திறக்கவில்லை.'
பின்வரிசையில் சங்கச் செயலாளர் இருமினார்.
'அவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு போயாயிற்று, ஐயா.
இந்த மசோதா பூட்டுவது
ஓரின் டீகின் கதவை.'

யாரும் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.
வியாழக்கிழமைக்கு ஒத்திவைத்தார்கள்.

வெளியே படிக்கட்டில் லாட்டிமர் எனக்கு முன்னால் இறங்கினார்.
பக்கவாட்டில்,
ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து,
கைப்பிடியைத் தொடாததுபோல் பிடித்துக்கொண்டு.
எந்த நரம்பு என்று தோராயமாகத் தெரிந்தது.
கேட்க வாயெடுத்தேன்.
என்ன எண் சொல்வார் என்பதும் தெரிந்ததால்
கதவை மட்டும் திறந்து பிடித்தேன்.

லூயிஸ்டவுன் தாண்டி
ஓரினின் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டேன்.
மூன்றாவது முறை நிராகரித்திருந்தார்கள்;
மறுத்தவர் கண் மருத்துவராம்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது ஒரு குரல்.
பியானோ.
மறுபடியும் குரல், மறுபடியும் பியானோ.
வரிசையில் உங்களுக்கு முன் நான்கு பேர்.

வின்னெட்டைத் தாண்டினால் சிக்னல் செத்துவிடும்.
இன்னும் பதினொரு மைல்.
பின்னால் வந்த லாரிக்கு வழிவிட்டு
வேகத்தைக் குறைத்தேன்.