நிற்கும்போது மட்டும்

ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது.
நாலு பேர், டிக்கியில் உரித்த ஆடு ஒன்று,
அத்தனையையும் சுமந்து டோலோன் கணவாயை
மூச்சு வாங்காமல் ஏறிவிடும்.
நின்றால்தான் நடுக்கம்.

நாரின் கடைத்தெரு சிக்னலில்
சிவப்பு விழுந்ததும் தொடங்கும்.
கண்ணாடியில் பின்னால் நிற்கும் ஒரு லாரி
இரண்டு லாரியாகும்.
பின்சீட்டுக் குமிஸ் பாட்டில்கள்
பல் தந்தியடிக்கும்.
"சூயுன்பெக், உன் வண்டிக்குக் குளிர் ஜுரமா?"
எண்பத்தெட்டாம் வருடத்து ஆடி கார்.
பேருக்கேற்றபடி ஆடுகிறது என்பேன்.
சிரிப்பார்கள். அடுத்த வாரம்
வேறு வண்டியில் போவார்கள்.

பிளக் மாற்றினேன். போகவில்லை.
பெட்ரோல் ஃபில்டர். போகவில்லை.
மச்சான் சொன்னான் என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடி,
ஒரு வாரச் சவாரிக் காசு.
அப்போதும் நின்ற இடத்தில் உதறிக்கொண்டு
என்னைப் பார்த்தது,
நான்தான் என்னவோ செய்துவிட்டதுபோல்.

தோக்தொசுன் எதையும் மாற்றவில்லை.
இன்ஜினை ஓடவிட்டு ஒயர்களை
ஒவ்வொன்றாய்க் கழற்றி மாட்டினார்.
கழற்றும்போதெல்லாம் சத்தம் தடுக்கி விழுந்தது.
"ஐந்தும் உழைக்கிறது. மிஸ்ஸிங் இல்லை."
பிளக்கின் மூக்கு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.
பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே,
ஆயில் மூடியைத் திறந்தார்.
"நல்ல வண்டி என்றால் இப்போது திணறும்.
உன்னுடையது கவலையே படவில்லை, பார்.
ஏற்கெனவே எங்கோ ஒரு ஜன்னல் திறந்து கிடக்கிறது.
இன்னொன்று திறந்தால் அதற்கு என்ன?"

"ஓடும்போது ஏன் இல்லை?"

"ஓடும்போது வாய் நிறையக் காற்று குடிக்கிறது.
அதில் ஒரு மடக்கு கள்ளக் காற்று கலந்தால்
யாருக்குத் தெரியும்?
நிற்கும்போது கொஞ்சமாய்ச் சுவாசிக்கிறது.
அப்போதுதான் கணக்கு உதைக்கும்."

எங்கே என்று பார்க்கப் புகை வேண்டும்.
அவருக்கு ஆஸ்துமா.
இன்ஜினை அணைத்து, பிரேக் பூஸ்டர் குழாயைப் பிடுங்கி
அதன் நுனியை என் பக்கம் நீட்டினார்.

நாற்பத்தோரு நாள்.
குல்சாட்டிடம் ரொட்டிமேல் கைவைத்துச் சொன்னது.
டாஷ்போர்டில் ஒரு பாக்கெட், பிரிக்காமல்,
பிரிக்க மாட்டேன் என்பதற்குச் சாட்சியாக.

பிரித்தேன்.

புகையைத் தொண்டைக்குக் காட்டாமல்
வாயிலேயே வைத்திருந்து குழாய்க்குள் ஊதினேன்.
ஒரு சிகரெட் முடிந்தது. ஒன்றும் வரவில்லை.
தோக்தொசுன் டார்ச்சோடு குப்புறக் கிடந்தார்.
"ஊது. ஊது. நிறுத்தாதே."
இரண்டாவதின் பாதியில்
மேனிஃபோல்டுக்கு அடியில், கை புகாத இடத்தில்,
விரல் நீளக் குழாய் ஒன்றின் வளைவிலிருந்து
என் புகை
அவசரமே இல்லாமல்
எழுந்து வந்தது.

மைனஸ் முப்பதில் எத்தனையோ ஜனவரிகளைத் தாண்டிய ரப்பர்.
எண்பது சோம்.
மூன்றாவதைப் பற்றவைத்தபோது
புதுக் குழாயே மாட்டியாகிவிட்டது.

முற்றத்தில் குல்சாட் என் கோட்டை முகர்ந்தாள்.
"இன்ஜினுக்குள் ஊதினேன்" என்றேன்.
இத்தனை வருடத்தில் அவளிடம் நான் சொன்ன பொய்களெல்லாம்
இதைவிட நம்பும்படி இருந்தன.

பானெட்டைத் திறக்கச் சொன்னாள்.
ஸ்டார்ட் செய்யச் சொன்னாள்.
மாவு ஒட்டிய விரலால் ஒரு ஐந்து சோம் காசை
ஓடும் இன்ஜினின் மேல் விளிம்பில் நிறுத்தினாள்.
நின்றது.
நாய்கூடக் குரைக்கவில்லை.
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
அது மெல்லத் திரும்பி, சாய்ந்து,
எங்கோ உள்ளே விழுந்து தொலையும்வரை.

"பரவாயில்லை" என்றாள்,
வண்டியைத்தான்.

பிறகு உள்ளங்கையை நீட்டினாள்.
பாக்கெட்டைக் கொடுத்தேன்.
பானெட் மேலேயே கவிழ்த்துக் கொட்டி
எண்ணத் தொடங்கினாள்.