குடல் கோடு

உப்பூருக்குக் கிழக்கே மூன்றாம் குளத்துக் கொட்டகையில்
நீல டிரம் இரவு முழுக்க ஏப்பம் விட்டது.
தவிடு, கருப்பட்டிக் கரைசல், கைப்பிடி ஈஸ்ட்,
ராம்நாட்டிலிருந்து பஸ்ஸில் வந்த
வெள்ளைப் பொடிப் பொட்டலம் ஒன்று.
'மூடியை இறுக்காதீங்க, அதுகளும் மூச்சு விடணும்'
என்று சொல்லிப் போனாள் டெக்னீஷியன் அமலோற்பவம்.
கண்ணுக்குத் தெரியாத கோடிப் பேருக்கு
நான் ஒருத்தன் காவல்.

ரோந்து வந்த போலீஸ்காரர்
வண்டியை நிறுத்தி மூக்கை நீட்டினார்.
'என்னடா ஊறல்?'
இறால் தீவனத்துக்கு, சார்.
'இறாலுக்குச் சாராயமா?'
விரலை விட்டு நக்கினார். முகம் கோணியது.
கிளம்பும்போது
'எனக்கும் நாலு நாளா வயிறு சரியில்ல' என்றார்.
ஒரு டம்ளர் கேட்டுவிடுவாரோ என்று பயந்துவிட்டேன்.

போன பட்டத்தில் வெள்ளைக் கழிச்சல்.
எழுபதாம் நாள் காலை
மேற்குக் கரையோரம் நூல் நூலாக மிதந்தது.
போட்ட தீவனம் டிரேயில் போட்டபடி.
கடைக்காரர் சொன்னதையெல்லாம் வாங்கிக் கொட்டினோம்.
கலந்தர் முதலாளி
கடனுக்கு எடுத்த மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்,
யாருக்கும் போன் செய்யவில்லை.
ஏரேட்டர் மட்டும் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தது.
அதற்கு யார் போய்ச் சொல்வது.

இந்தப் பட்டம்
தார்ப்பாயில் தீவனத்தைப் பரப்பி
புளித்த நீர் தெளித்து
நிழலில் உலர்த்தி
நாலு வேளை.

வைகாசியில் காய்ச்சல் மாத்திரை தின்று தின்று
குடல் வெந்து கிடந்தேன்.
தேவிபட்டினத்து டாக்டர் ஒரு குட்டிக் குப்பி கொடுத்தார்.
அதில் எழுதியிருந்த பேரும் இந்தப் பொட்டலத்துப் பேரும்
முதல் பாதி ஒன்று, பின்பாதிதான் வேறு.
எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தேன்.
ஒரே வீட்டுப் பிள்ளைகள்.
முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை.

இரவு ஒன்றரை. நேற்று அமாவாசை.
தோல் உரிக்கிற நேரம், தீவனம் பாதிதான்.
டிரேயைத் தூக்குகிறேன்: காலி.
ஒன்றைப் பிடித்து டார்ச் முன்னால் காட்டுகிறேன்.
கண்ணாடி உடம்பு.
தலையில் தொடங்கி வால்வரைக்கும்
ஒரே கோடு, எங்கும் அறாமல்,
பென்சிலை நாக்கில் தொட்டு இழுத்த மாதிரி
கருகருவென்று.

அமலோற்பவத்துக்கு அனுப்பலாம் என்று படம் எடுத்தால்
என் கட்டைவிரல்தான் தெளிவாக விழுகிறது.
இன்னொரு படம் எடுப்பதற்குள்
துள்ளிச் சட்டைப்பைக்குள் போய்விட்டது.
பீடிக்கட்டு நனைய, துழாவி எடுத்துத்
தண்ணீரில் விட்டேன்.

இன்று இருபத்தொன்பது.
எழுபதுக்கு
இன்னும் நாற்பத்தொரு நாள்.