பன்னிரண்டேகால்

காக்கி புக்கிட், நான்காம் மாடி,
சரக்கு மின்தூக்கியை ஒட்டிய அறை.
பத்தடிக்குப் பதினான்கு.
காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை
எதையாவது வெளியே தள்ளுவது.

எல்லாவற்றுக்கும் சக்கரம் போட்டுவிட்டேன்.
மேசை ரம்பத்துக்கு நான்கு,
துளைப்பானுக்கு மூன்று,
தூசு உறிஞ்சி வரும்போதே இரண்டோடு வந்தது.
ஒன்று நகர்ந்தால்தான் மற்றது ஓடும்.
ரம்பம் பாடும் நேரத்தில் துளைப்பான்
கழிவறைக்குப் போகிறவர்கள் வழியில் நின்று
எல்லாரிடமும் திட்டு வாங்கும்.

பணிமேசையின் கால்களில் முக்கால் அங்குலம் அறுத்தேன்.
இப்போது ரம்பத்தோடு ஒரே மட்டம்.
அறுத்த பலகையைத் தாங்குவதும் அதுவே,
பசை காயும்வரை சுமப்பதும் அதுவே,
என் சோற்றுப் பொட்டலத்துக்கும் அதுவே.
கிளாம்புகள் கதவின் உள்பக்கம் தொங்குகின்றன.
கதவைச் சாத்தினால்
சங்கிலி இழுத்த மாதிரி ஒரு சத்தம்.
இருபத்தாறு இருக்கிறது. போதவில்லை.

அகலத்தைச் சமாளிக்கலாம்.
உயரம் இருக்கிறது, இழைப்புளிகளை அங்கே ஏற்றிவிட்டேன்.
நீளம்தான் பேச்சுக்கு மசியாது.
ஏழடிப் பலகையை நெடுக அறுக்கப் பதினான்கடி வேண்டும்,
வர ஏழு, போக ஏழு.
அதற்குமேல் ஒரு விரற்கடை நீண்டாலும்
சுவரிடம் அனுமதி கேட்கவேண்டும்.

பெடோக் மூவறை வீட்டிலிருந்து வந்தார் ரஹ்மத்துன்னிசா.
பெருநாளன்று பன்னிரண்டு பேர் உட்காரவேண்டும்,
மற்ற நாளில் சோபாவுக்குப் பின்னால்
மடிந்து ஒளிந்துகொள்ளவேண்டும், அப்படி ஒரு மேசை.
"முடியுமா?" என்று கேட்டுவிட்டு
என் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.
சிரித்துவிட்டார்.
"உங்களுக்குப் புரியும்."

புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரம்,
சுங்கை காடுட்டில் வாங்கிய ஒற்றைப் பலகை,
பதினோரடி.
மடிப்புக்கு மடிப்பு ரேகை தொடரவேண்டுமென்றால்
துண்டு போடுமுன் நெடுக அறுத்தாகவேண்டும்.
பதினோரடிக்கு இருபத்திரண்டு.
அறை பதினான்கு, நடைபாதை ஐந்து.
பாக்கி மூன்றடி
குவாட் எங்கின் கடைக்குள் இருந்தது.

எதிர்க்கடை. திரைச்சீலை தைக்கிறார்.
போன வருடம் வெள்ளைத் துணியொன்றைக் கொண்டுவந்து
என் முகத்துக்கு நேரே உதறினார்.
பறந்தது என் மரத்தூள்.
கட்டட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது,
அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு.
அதன்பின் நாங்கள் பார்த்தால்
தலையை மட்டும் அசைப்போம்.

போய் நின்றேன். மூன்றடி, அரைமணி என்றேன்.
நெடுநேரம் தைத்துக்கொண்டே இருந்தார்.
"பன்னிரண்டேகால். என் ஆட்கள் சாப்பிடக் கீழே போவார்கள்.
துணியெல்லாம் நான் மூடிவைப்பேன்.
நீ என் வெட்டுமேசைக் காலைச் சரிசெய், ஆடுது லா."
அலர்மேல் என்ற என் பெயரை
வாயில் போட்டுப் பார்த்து
"மெல்" என்று முடித்தார்.
சரிதான். நாள் முழுக்க அதைத்தானே செய்கிறேன்,
மரத்தை.

பன்னிரண்டேகாலுக்கு இரண்டு கதவும் திறந்தன.
அவர் சாப்பிடப் போகவில்லை.
கோடாய் நடைபாதையைக் கடந்து வந்த பலகையின் நுனியை
இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.
இழுக்கவேண்டாம் என்று கத்த வாயெடுத்தேன்.
அவர் இழுக்கவில்லை.
முப்பது வருடம் ஊசிக்குத் துணி கொடுத்த கை
ரம்பம் கேட்ட வேகத்தில் பின்னால் நடந்தது,
கஞ்சிக் கிண்ணத்துக்கு நான்கு விரல் இருக்கையில் நின்றது.
பிறகு மூக்கைச் சுருக்கி,
"நாற்றம்" என்றார்.
அந்த மரத்துக்குக் கொஞ்சம் உண்டுதான்.

மேசை போய்விட்டது, மின்தூக்கியில் மடிந்து நின்றபடி.
வாரம் ஒருநாள் அந்த நேரம் இன்னும் என்னுடையது.
அவருடைய பதினைந்தடித் திரைக்கு இஸ்திரி போடும் நாளில்
என் அறையில் பாதி அவருடையது,
நான் சக்கரங்களோடு வெளியே.

வாடகை புதுப்பிக்க வந்த இளைஞர்
சிவப்புப் புள்ளியைச் சுவரில் அடித்து அளந்தார்.
நூற்று நாற்பது சதுர அடி, சரியா என்றார்.
சரி, கூடவே
செவ்வாய்க்கிழமை பன்னிரண்டேகாலிலிருந்து அரைமணி நேரம்
என்றேன்.

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.